பழைய மோதிரத்துக் கல்லைப் பெயர்க்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய மோதிரங்களைப் பற்றியவை. "கல்லை எடுத்துப் புது மோதிரத்தில் வைக்கலாமா?" என்பதுதான் அநேகமாக எல்லோரும் கேட்டிருப்பது. கல்லுக்குக் கல் பதில் மாறும் என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

பாட்டியின் வைர மோதிரம் எனக்கு வந்திருக்கிறது. கல் வட்டமாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. நடுவில் சின்ன ஓட்டை போல ஒன்று தெரிகிறது. கடையில் காட்டினால், "பழைய கட்டிங், திரும்பப் பட்டை தீட்டிப் புது மோதிரத்தில் வைத்தால் நன்றாக மின்னும்" என்கிறார்கள். செய்யலாமா?

முதலில் அது ஓட்டை இல்லை, பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் வைரத்தின் அடிமுனையைக் கூராக விடாமல் சிறிதாகத் தட்டையாக்கி விடுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது அது சின்ன வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது 'ஓல்டு மைன்' வெட்டு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கையால் தீட்டியது. மேல்தளம் சிறியது, தோள் உயரம், உடம்பு கனம். விளக்கு வெளிச்சத்தில் பார்க்கத் தீட்டிய கல் அது. இன்றைய வட்ட வைரம் பொடிப்பொடியாக மின்னும். இது பெரிய பெரிய துண்டாக, நிதானமாக ஒளி விடும். இன்றைய வெட்டுக்கான கணக்கை, வைரம் தீட்டும் குடும்பத்தில் வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி வெளியிட்டதே 1919-இல்தான். அந்தக் கணக்கை வைத்து உங்கள் பாட்டியின் கல்லைக் குறை சொல்வது நியாயமில்லை.

திரும்பப் பட்டை தீட்டுவதும் வேறு மோதிரத்தில் பதிப்பதும் இரண்டு வேறு வேலைகள். கடையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பதித்த கல்லை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்து வைக்கலாம். தீட்டிய கல் பழையபடி ஆகாது. கோஹினூரை 1852-இல் லண்டனில் திரும்பத் தீட்டியபோது 186 காரட்டாக இருந்தது 105.6 காரட்டாகச் சுருங்கியது. இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். விட்டெல்ஸ்பாக் என்ற நீல வைரம் 2008-இல் ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் அதைத் தீட்டினார், 35.56 காரட் 31.06 ஆனது. நிறமும் தெளிவும் கூடின என்பது உண்மை. ஆனாலும் வரலாற்றுக் கல்லில் கை வைக்கலாமா என்று எழுந்த சண்டை பெரியது. என் கருத்தைக் கேட்டால், உங்கள் கல்லைத் தீட்டவே வேண்டாம். பழைய வெட்டு என்பதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேறு மோதிரம்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ரெடிமேடாக விற்கும் மோதிரக் கூடுகள் இன்றைய வெட்டின் சாய்வுக்குச் செய்தவை. கனமான பழைய கல் அதில் சரியாக உட்காராது. அழுத்தி உட்கார வைத்தால் ஓரம் சிதறும். கல்லை அளந்து, அந்தக் கல்லுக்கென்றே கூடு செய்பவரிடம் போங்கள். அதற்கு முன்னால் ஆறு மாதம் இப்போதைய மோதிரத்தையே போட்டுப் பாருங்களேன். பெட்டியில் பார்க்கும்போது பழசாகத் தெரிவது கையில் ஏறியதும் பிடித்துப்போவதை நிறைய பேரிடம் பார்த்திருக்கிறேன்.

மோதிரத்தைக் காதருகே வைத்துத் தட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. கல்லை வேறு மோதிரத்துக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

இன்றே கழற்றி, மூடி உள்ள சின்ன டப்பாவில் வையுங்கள். கல் விழுந்தாலும் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். மாற்றுவதா வேண்டாமா என்பது அப்புறம்.

பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. கல்லைக் கவ்வும் சின்னக் கால்களின் நுனி தேய்ந்திருக்கும். பிராங் என்று கடையில் சொல்வார்களே, அவைதான். நூலிலோ துணியிலோ மாட்டி இழுத்தால் தேய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நுனிக்குப் புதுத் தங்கம் ஏற்றினால் போதும். உள்ளங்கைப் பக்கம் வளையம் தேய்ந்திருந்தால் அந்தப் பாதியை மட்டும் வெட்டிப் புதிதாகப் பற்றவைக்கலாம். ஆனால் உள்பக்கம் முத்திரையோ எழுத்தோ இருந்தால் அந்த இடத்தில் வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால்கள், கல் உட்காரும் குழி, வளையம் மூன்றுமே போயிருந்தால், அப்போது கல்லை மாற்றத்தான் வேண்டும். அந்த நிலையில் பழைய மோதிரத்துக்காகக் கல்லைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

முன்னோர் காலத்துச் சிவப்புக்கல் மோதிரம். கல்லின் பின்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடியிருக்கிறது. இப்போது கல் மங்கி, உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரிகின்றன. எடுத்துக் கழுவி, பின்பக்கம் திறந்த மோதிரத்தில் வைத்தால் வெளிச்சம் புகுந்து பளிச்சென்று ஆகும் என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வது இன்றைய கல்லுக்குப் பொருந்தும். உங்கள் மோதிரத்துக்குப் பொருந்தாது.

மூடிய பதிப்பில், கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளப்புத் தகடு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். சில சமயம் அந்தத் தகட்டுக்கே நிறம் பூசியிருப்பார்கள். விளக்கு வெளிச்சம் கல்லுக்குள் போய்த் தகட்டில் பட்டுத் திரும்பும். நீங்கள் பார்க்கும் சிவப்பில் பாதி கல்லுடையது, பாதி தகட்டுடையது. ஈரம் உள்ளே போனதும் தகடு கறுத்துவிடுகிறது. மோதிரத்தோடு கை கழுவுகிறோம் அல்லவா, அதனால் தோட்டைவிட மோதிரத்தில்தான் இது சீக்கிரம் வரும். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நான் வேலை பழகிய நாட்களில் இப்படி ஒரு கார்னெட் என்ற சிவப்புக் கல்லை வெளியே எடுத்தேன். தகடு தூளாக உதிர்ந்தது. கையில் மிஞ்சியது வெளிறிய ரோஜா நிறக் கல். அதைக் கொண்டுவந்த பெண்மணியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து தகடு வைத்த எதையும் திறப்பதற்கு முன், உள்ளே இருப்பது என்ன நிறமாக இருக்கக்கூடும் என்பதை உரியவரிடம் சொல்லாமல் தொடுவதில்லை. அடி தட்டையான ரோஸ்கட் வைரங்களும் இப்படித்தான். திறந்த பதிப்பில் வைத்தால் ஒளி அப்படியே கடந்து போய் வெறும் கண்ணாடி போலத் தெரியும்.

ஆகவே திறந்த மோதிரத்துக்கு மாற்ற வேண்டாம். பழைய நகை சீர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுத் தகடு வைத்து அதே கூட்டில் மூடச் சொல்லுங்கள். கல் அரக்கின் மேல் உட்கார்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சூடு காட்டினால் உருகிவிடும். அதுவரை தண்ணீர் படாமல் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். தாத்தா மோதிரத்து மாணிக்கம் செயற்கைக் கல்லாம். வீடே சோர்ந்துவிட்டது. இதைப் புது மோதிரத்தில் வைப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

ஓகுஸ்ட் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், தீச்சுவாலையில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தக் கற்கள் உலகெங்கும் பரவின. நல்ல பிளாட்டின நகைகளில் அசல் வைரத்துக்குப் பக்கத்திலேயே அவற்றைப் பதித்திருக்கிறார்கள். அதனால் தாத்தா ஏமாந்தார் என்று முடிவு கட்டாதீர்கள். மோதிரம் 1902-க்குப் பிந்தியது என்றால் அந்தக் கல் தொடக்கத்திலிருந்தே அதில் இருந்திருக்கலாம். மோதிரம் அதற்கு முந்தியது என்று உறுதியாகத் தெரிந்தால், நடுவில் யாரோ கல்லை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

புது மோதிரத்தில் வைக்கலாமா என்றால், தாராளமாக. வேதியியலில் அதுவும் மாணிக்கம்தான். வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவுகோலில் கடினமும் அதே 9. தினமும் போடத் தாங்கும். ஆனால் கல்லை மட்டும் எடுத்தால் விலை என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. தாத்தாவின் மோதிரமாக இருப்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. நானாக இருந்தால் அசைக்க மாட்டேன்.

மரகத மோதிரம். கல்லை எடுக்கும்போது உடைந்துவிடுமா?

உடையலாம். எல்லாக் கல்லையும்விட மரகதத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். அதன் கடினம் 7.5 முதல் 8 வரை, அது ஒன்றும் குறைவில்லை. ஆனால் உள்ளே வெடிப்புகள் இல்லாத மரகதம் அபூர்வம். அந்த வெடிப்புகள் தெரியாமலிருக்க எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். சூடு பட்டாலோ, ஒலியலையால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டாலோ, நீராவி அடித்தாலோ எண்ணெய் வெளியேறி, வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். சில சமயம் விரியவும் செய்யும்.

பழைய தங்கக் கால்களை நிமிர்த்திக் கல்லை எடுப்பது ஒரு வழி. ஆனால் பல ஆண்டுகள் கையில் தேய்ந்து இடிபட்டு அவை விறைத்திருக்கும். நிமிர்த்தும்போது அந்த விசை கல்லின் மூலையில் போய் அழுத்தும். மரகதம் என்றால் கால்களைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுக்கச் சொல்வேன். மோதிரத்துக்குக் கொஞ்சம் சேதம்தான். காலைத் திரும்பச் செய்துகொள்ளலாம், மரகதத்தைச் செய்ய முடியாது.

கொடுப்பதற்கு முன் கல்லை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். 10 மடங்கு லென்ஸில் உள்வெடிப்புகளைக் காட்டச் சொல்லி, அவை இருக்கும் இடத்தை ரசீதில் குறித்துக்கொள்ளுங்கள். கல் வெளியே வந்ததும் உங்கள் எதிரில் எடை போடச் சொல்லுங்கள். பதித்த நிலையில் எடையை உத்தேசமாகத்தான் சொல்ல முடியும், அதனால் சற்று முன்பின் இருக்கும். காலுக்கு அடியில் மறைந்திருந்த பழைய சிதறலும் அப்போது வெளிப்படலாம். இதையெல்லாம் முன்பே பேசிக்கொண்டால், "கல்லை மாற்றிவிட்டார்கள்" என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் வராது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள்.

முத்து, ஓப்பல் மோதிரங்களையும் இப்படி மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் மோதிரத்துக்கே திரும்ப வேண்டாம். முத்தின் கடினம் 2.5-இலிருந்து 4.5-க்குள். ஓப்பல் 6-ஐ ஒட்டி, உள்ளே நீரும் உண்டு, திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். இரண்டுக்கும் கழுத்துப் பதக்கமே பாதுகாப்பு. முத்து 1920-களுக்கு முந்தியது என்று தோன்றினால், வளர்ப்பு முத்துகள் பரவுவதற்கு முன்னால் வந்த இயற்கை முத்தாக இருக்கலாம். எக்ஸ்ரே பரிசோதனை செய்யாமல் அதில் கை வைக்காதீர்கள்.

அம்மாவின் மோதிரத்தில் மூன்று வைரங்கள். நாங்கள் மூன்று பேர். ஆளுக்கொரு கல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. அக்காவுக்கு மனமில்லை.

கற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய மூன்று கல் மோதிரத்தில் நடுக்கல் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், ஓரக்கற்களை அதற்கு இணை பார்த்துத் தேர்ந்திருப்பார்கள். பிரித்தால் பங்கு சமமாக இருக்காது, இணை பார்த்த உழைப்பும் போய்விடும். அக்கா பக்கம்தான் நிற்கிறேன். ஆளுக்குச் சில ஆண்டுகள் என்று முறை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சம்மதித்துப் பிரிப்பதானால், கூட்டை உருக்கிவிடாதீர்கள். பற்றவைக்கப் பயன்படுத்திய பழைய பற்றாசு கலந்த தங்கத்தைச் சுத்திகரிக்காமல் உருக்கினால் தங்கத்தின் தரமும் குறையும், வளைக்கும்போது வெடிக்கவும் செய்யும். அதில் புது மோதிரம் செய்வது எப்படியும் நல்ல யோசனை இல்லை. காலிக் கூட்டை ஒரு சின்ன உறையில் போட்டு, எந்தக் கல் எந்தக் குழியில் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுதி, அம்மா அதைப் போட்டிருக்கும் படம் ஒன்றையும் சேர்த்து அக்காவிடம் கொடுத்துவையுங்கள்.