“தம்பி, ஸ்டாண்டு!” – பைக்காரர்களைப் பார்த்து ஊர் சொல்வது: கேள்வி பதில்

பைக்கை வெளியே எடுத்தால் யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். மாடி வீட்டில் ஜன்னல் சாத்தப்படும், எதிரே வருகிறவர் லைட்டை அடித்துக் காட்டுவார், சிக்னலில் நிற்பவர் மைலேஜ் கேட்பார், தெருநாய் துரத்தும். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு விடை வண்டியிலேயே இருக்கிறது. ஸ்பேனர் எடுத்தால் தீரும். மீதியை ஓட்டும் விதத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி (மடிப்பாக்கம், கிளாசிக் 350): அண்ணே, எனக்குக் காலை 5 மணிக்கு ஷிஃப்ட். ஸ்டார்ட் பண்ணினாலே மாடி வீட்டு அம்மா திட்டுகிறார். கம்பெனி சைலன்சர்தான் இருக்கிறது. என் தப்பு என்ன?

பதில்: தம்பி, அந்த அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. சட்டப்படி இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் அளவு.

கம்பெனி சைலன்சரே தொந்தரவாக இருப்பதற்குக் காரணம், சத்தம் பெரிதாக இருப்பதைவிட அது கனமாக இருப்பது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். ஆக விநாடிக்கு எட்டு அடி. இப்படிப்பட்ட கனத்த அடி சுவரையும் சாத்திய ஜன்னலையும் தாண்டிப் போகும். ஸ்கூட்டரின் கிர்ர் சத்தத்துக்கு அந்த வலு கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். இரவே வண்டியைத் தெருவைப் பார்த்தபடி நிறுத்திவிடுங்கள். காலையில் நியூட்ரலில், வண்டியின் இடப்பக்கம் நின்று, வலது கை முன் பிரேக்கில் இருக்க, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் பண்ணுங்கள். 195 கிலோ வண்டி, ஆனாலும் சமதளத்தில் உருளும். டயரில் காற்று குறைந்திருந்தால் மட்டும் இழுக்கும். ஸ்டார்ட் ஆனதும் முறுக்காதீர்கள். எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ளது) குளிருக்குத் தேவையான பெட்ரோலைத் தானே கூட்டிக்கொள்ளும். இருபது முப்பது விநாடி போதும், பிறகு முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் இன்ஜின் சூடேறிவிடும்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் லேசாக ஒரு விநாடி அழுத்துங்கள். பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் ‘புஸ் புஸ்’ என்று கேட்டால், இடையில் கசியாமல் அடைக்கும் பேக்கிங் போய்விட்டது. அங்கே கருப்பாகக் கரி படிந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னால் ‘பட் பட்’ என்று வெடிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். புது பேக்கிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள். ஒரு நட்டை மட்டும் முழுக்க முடுக்கினால் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி கசியும்.

கேள்வி (திருச்சி, பழைய புல்லட்): பஞ்சாப் சைலன்சர் போட்டால் சத்தத்துக்கு லாரி, பஸ் எல்லாம் ஒதுங்கும், பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: பாதுகாப்பு கிடைக்காது. சைலன்சரின் வாய் பின்னால் பார்க்கிறது. உங்களுக்குக் குறுக்கே வரப்போகிறவர் முன்னால் இருக்கிறார், கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, பாட்டு கேட்டுக்கொண்டு. லாரிக்காரருக்கு அவர் இன்ஜின் சத்தமே காதை அடைக்கிறது. உங்கள் சத்தம் அவர்களை எட்டும்போது நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டிருப்பீர்கள். முழுச் சத்தமும் யாருக்குப் போய்ச் சேருகிறது? நீங்கள் கடந்துபோன வீட்டில் தூங்கும் குழந்தைக்கு.

175 சிசிக்கு மேற்பட்ட வண்டி 7.5 மீட்டர் தூரத்தில் கடக்கும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது, 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல். கம்பெனி இதில் தேறித்தான் வண்டியை விற்கிறது. பஞ்சாப், இந்தோரி, ஷார்ட் பாட்டில் என்று எதை மாட்டினாலும் உள்ளே தடுப்பு குறைவு என்பதுதான் பொருள். கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றாமல் இதை மாட்டினால் பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும், பெண்ட் பைப் நீலமாகும். புது மாசு விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே கழன்றுபோகும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில், உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஒலி மாசுக்கு 190(2) பிரிவு தனி.

ஓடும்போது சாவியை அணைத்துப் போட்டு ‘பட்டாசு’ விடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் தீப்பொறி நின்றாலும் கார்புரேட்டர் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, சாவி போட்டதும் அங்கே வெடிக்கிறது. சைலன்சரின் உள்தகடு கிழிவது இதனால்தான். பக்கத்தில் வயதானவர் ஸ்கூட்டரில் வந்தால், அந்த ஒரு வெடியில் கை நடுங்கி விழுவார். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி (கோவை, 150 சிசி): எதிரே வரும் கார்க்காரர் என்னை நேராகப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என் முன்னாலேயே வலது பக்கம் திரும்புகிறார். வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அவர் கண் உங்கள் மேல் பட்டது, மனதில் பதியவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை இதைத்தான் சொன்னது. இன்னொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனம் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை.

நேராக வரும் ஒல்லியான பொருள் தூரத்தில் நகர்வதாகவே தெரியாது. புள்ளியாகவே இருந்து, கடைசி நேரத்தில் திடீரென்று பெரிதாகும். போதாததற்குக் காரின் முன் கண்ணாடி ஓரத்துத் தூண் ஒரு பைக்கை முழுதாக மறைத்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை: சந்திப்பை நெருங்கும்போது உங்கள் லேனுக்குள்ளேயே மெதுவாக இடமும் வலமும் கொஞ்சம் நகருங்கள். பக்கவாட்டு அசைவு கண்ணை இழுக்கும். பின்னால் வருகிறவர் நெருங்கியிருந்தால் மட்டும் வேண்டாம். இரண்டு விரல் முன் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போகிறீர்கள். விரல் லீவரைத் தேடும் நேரத்தில் ஒரு காரின் நீளம் போய்விடும். ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதீர்கள், காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். அவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்புவார், ஆனால் சக்கரம் உருளத் தொடங்கினால் உடனே தெரிந்துவிடும். பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு சந்திப்பைக் கடப்பதை விடுங்கள், எதிரே நிற்பவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒளிரும் உடை போட்டவர்களுக்குக் காயப்படும் ஆபத்து 37 சதவீதம் குறைவு. கருப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கருப்பு ஹெல்மெட்டே தொங்குகிறது. வெயிலுக்கும் வெள்ளைதான் நல்லது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (மதுரை): பகலில் போகிறவர் வருகிறவர் எல்லாம் விரலை மடக்கி விரித்து ‘லைட் எரியுது’ என்கிறார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

பதில்: 2017 ஏப்ரல் 1 முதல் வந்த இரு சக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினால் லைட் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. சொல்கிறவருக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போங்கள், நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் கையைச் சரியாகக் கவனியுங்கள். விரல் மடங்கி விரிந்தால் லைட்டோ இண்டிகேட்டரோ. கீழே உங்கள் இடது காலைக் காட்டினால் ஸ்டாண்டு. பின் சக்கரத்தைக் காட்டினால் சேலை அல்லது துப்பட்டா. கடைசி இரண்டுக்கும் அந்த இடத்திலேயே ஓரம்கட்ட வேண்டும். ஸ்டாண்டு இறங்கியிருக்க, இடது பக்கம் சாய்த்தால் அது தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டாண்டு தானே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சின்ன வேலைதான், போல்ட்டில் கொஞ்சம் கிரீஸும் வையுங்கள்.

அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றியவர்களுக்கு: பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. வீட்டுப் பெண்கள் யாராவது பின்னால் உட்காரப்போகிறார்கள் என்றால் இன்றே திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): டிம்மில்தான் போகிறேன். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் திரும்பத் திரும்ப லைட்டை அடிக்கிறார்கள்.

பதில்: ஹாலோஜன் பல்பு இருந்த இடத்தில் எல்.இ.டி. பல்பு மாட்டியிருக்கிறீர்களா? அந்த ரிஃப்ளெக்டர் இழை பல்புக்கென்று வடித்தது. ஒளி புறப்படும் இடம் சில மில்லிமீட்டர் தள்ளினாலும் வெளிச்சம் சிதறி எதிராளியின் கண்ணில் விழும். பழைய பல்பையே போடுங்கள். அப்படி எதுவும் மாற்றவில்லை என்றால் லைட் தூக்கியிருக்கிறது. டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்துங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெட்லைட் நடுப்பகுதியின் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஹெட்லைட்டுக்கு அடியிலோ பின்னாலோ உள்ள திருகைத் திருப்பினால் ஏறும், இறங்கும். தினமும் இருவர் போகிறவர்கள் இருவரும் உட்கார்ந்தே பாருங்கள், பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் மேலே ஏறிவிடும்.

கேள்வி (ஹைவே பயணி): லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் ‘முந்திக்கோ’ என்கிறாரா?

பதில்: சில நேரம் அப்படி, சில நேரம் உண்மையிலேயே வலது பக்கம் திரும்புகிறார். ஆகவே அதை நம்பி ஏறாதீர்கள். அவர் கை வெளியே வந்து முன்னால் வீசினாலும் உங்கள் கண்ணால் சாலையைப் பார்த்தே போங்கள். எதிரே வருகிறவர் பிரைட் அடித்தால் நம் ஊரில் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். வழிவிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): அண்ணா, 350 சிசி ஓட்டுகிறேன். பையன்கள் பக்கத்தில் வந்து ரேஸுக்கு இழுக்கிறார்கள். சீட்டைத் தாழ்த்தினால் கால் நன்றாக ஊன்றும் என்று மெக்கானிக் சொல்கிறார், செய்யலாமா?

பதில்: ரேஸுக்கு இழுப்பவர்களுக்கு வேகத்தால் பதில் சொல்லாதே தங்கச்சி. வேகத்தைச் சீராக வைத்து அவர்களை முன்னால் போகவிடு. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் ஆள் இருக்கும் பெட்ரோல் பங்குக்குள் திருப்பி நிறுத்து, வண்டி எண்ணைக் குறித்துக்கொள். வீட்டுக்கு நேராகப் போய் வீட்டைக் காட்டிக் கொடுக்காதே.

சீட்டு விஷயத்தில் முதலில் ஃபோம் வெட்டிக் குறைக்கலாம், அது பாதுகாப்பானது. பின் ஷாக் அப்சார்பரை மட்டும் குட்டையாக்கினால் ஹெட்லைட் தூக்கும், வளைவில் சைலன்சர் தரையில் உரசும், சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி செங்குத்தாக நின்று லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் சாயும். இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டியதில்லை. ஒரு பாதம் முழுதாக ஊன்றினால் போதும்.

கேள்வி: ராத்திரி தெருநாய்கள் துரத்தினால்?

பதில்: நாய் உங்கள் வேகத்தைக் கணக்குப் போட்டு, நீங்கள் வந்து சேரும் இடத்தை நோக்கி ஓடிவரும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஒரு கியர் இறக்குங்கள். அது நெருங்கியதும் நேர்கோட்டில் வேகம் பிடித்துத் தாண்டுங்கள், அதன் கணக்கு தவறிவிடும். காலை உதறுவதும் ஹேண்டிலை வெட்டுவதும்தான் ஆளை விழவைக்கின்றன.

கேள்வி (குடியிருப்பு சங்கச் செயலாளர்): ஐயா, எங்கள் பார்க்கிங்கில் குழந்தைகள் பைக்கைத் தொட்டுக் காலைச் சுட்டுக்கொள்கிறார்கள். பைக்காரர்களுக்கு என்ன விதி போடலாம்?

பதில்: நல்ல கேள்வி ஐயா. சைலன்சர் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள், அது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சாவியை எடுத்து ஹேண்டில் லாக் போட வேண்டும். குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பவர்கள் வண்டி ஆறி அரை மணி நேரமாவது ஆன பிறகு, இடப்பக்கமாக ஏற்றி இறக்க வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். பேஸ்ட், பேனா மை, எண்ணெய் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (நாகர்கோவில், 1980களின் புல்லட்): கூட்டாளிகள் எல்லாம் ‘ஒரு ரவுண்டு குடு’ என்கிறார்கள். மறுத்தால் கோபம்.

பதில்: மறுத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர் பதற்றத்தில் வலது காலை மிதித்தால் கியர்தான் மாறும், வண்டி நிற்காது. இதைச் சொன்னாலே பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள். லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 180ஆம் பிரிவில் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம். 18 வயதுக்குக் கீழ் என்றால் 199ஏ பிரிவில் 25,000 ரூபாய், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவும் ஒரு வருடம் ரத்து.

கேள்வி: சிக்னலில் எல்லாரும் ‘மைலேஜ் எவ்வளவு?’ என்கிறார்கள். மீட்டர் காட்டுவதைச் சொல்லலாமா?

பதில்: அளந்து சொல்லுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, டேங்கின் கழுத்து அடிவரை நிரப்பி, டிரிப் மீட்டரை 0 ஆக்குங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டியபின் அதே பங்கில், அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ்.