மூன்றணாக் கணக்கு

அன்புள்ள ஐயா,

தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து மரக்கன்று நடுகிறோம். இதுவரை 1,200 கன்றுகள் நட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் இரு தரப்புக்கும் கைகலப்பு ஆனபோது அமைதி ஊர்வலம் நடத்தினோம். மற்ற நாட்களில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் என்று படுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர சேவைக்கு வந்துவிடலாமா? சுற்றுச்சூழல், அமைதிப்பணி இரண்டில் எதில் இறங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை விடலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. விடுகிறவர்கள் யாரையும் கேட்டுக்கொண்டு விடுவதில்லை. ஆனால் 'கூட்டல் கழித்தல் வீண்' என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. சில நாட்களாகக் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரும் உங்கள் ஆள்தான். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனுக்குப் போய்க் கணக்கியல் படித்தவர்.

குமரப்பா பெயரை எடுத்தாலே எல்லாரும் தாய்ப்பறவையைச் சொல்வார்கள். பொருளாதாரத்தை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். மாந்தோப்புக் குரங்கு நட்டதுமில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை, பறித்துத் தின்கிறது. அது ஒரு வகை. தாய்ப்பறவை பலன் பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. அது சேவை. நல்ல உவமை, மேடைக்கு ஏற்றது. எனக்கு அவரை நினைத்தால் வருவது 3 அணா.

1934 ஜனவரி 15, பீகாரில் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. பணவரவு செலவைப் பார்க்கக் குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 அணா, அதற்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்டினார். அப்புறம் காந்தி வந்தார், கூடவே அவருடைய ஆட்களும் வந்தார்கள். அந்தச் செலவு மூன்றணாவில் அடங்குகிற செலவா? நிவாரண நிதியிலிருந்து தர முடியாது, உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார் குமரப்பா. காந்தி கூப்பிட்டுக் கேட்டார். இவர் காரணத்தைச் சொன்னார். காந்தி ஒப்புக்கொண்டார்.

அங்கே யாரும் திருட வரவில்லை, கவனியுங்கள். எல்லாரும் நல்லவர்கள். திருடனுக்குப் பூட்டு போதும். நல்லவர்களிடமிருந்து நிதியைக் காப்பாற்றத்தான் குமரப்பா மாதிரி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நல்ல காரியம்தானே, போகட்டும் என்று கை நீளும் இடத்தில் பேனாவை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் தேவைப்படுகிறார். அந்த வேலையைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள்.

உங்கள் கன்றுகளுக்கு வருவோம். நட்டது 1,200. சரி. உயிரோடு இருப்பது எத்தனை? கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அந்த எண் இல்லை. வாரம் முழுக்க வரவும் செலவும் நேர் செய்கிற கை ஞாயிற்றுக்கிழமை ஆனால் வரவை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறதே, ஏன்? முதல் இரண்டு கோடையைத் தாண்டாத கன்றைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இது எனக்கும் சேர்த்துத்தான். நானும் நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் நிஜமாகவே ஓடுகிறதா, ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் ஓடுகிறதா என்பது யாருக்கு முதலில் தெரியும்? கணக்குப் பிரிவுக்குத் தெரியும். அதன் மின்கட்டணமும் ரசாயனச் செலவும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். உற்பத்தி ஏறியிருக்கிறது, ரசாயனச் செலவு மட்டும் பாதியாகிவிட்டது என்றால் ஏன் என்று கேட்கக்கூடிய நாற்காலியில் இருக்கிறீர்கள். கேட்டால் சங்கடம் வரும். ஊர்வலத்தில் அந்தச் சங்கடம் இல்லை.

ஊர்வலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நடப்பது உடம்புக்கு நல்லது. பியர் செரசோல் என்று ஒரு சுவிஸ் பொறியாளர், முதல் உலகப் போர் முடிந்து, 1920இல் பிரான்சில் வெர்டன் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனார். அதில் ஜெர்மானியரும் இருந்தார்கள். போரில் இடிந்துபோன ஊரில் குடில் கட்டினார்கள், பாதையைச் சீர் செய்தார்கள். எல்லாருக்கும் அது பிடித்துவிடவில்லை, சில மாதங்களில் கிளம்ப வேண்டியதாயிற்று. அதே செரசோல் பூகம்பத்துக்குப் பிறகு பீகாருக்கும் வந்து வீடு கட்டினார். எதிராளியோடு சேர்ந்து ஒரு சுவரை எழுப்பிப் பார்த்தவர் அவர்.

எனக்கு இருபது வயது இருக்கும்போது ஒரு வெள்ள நிவாரண முகாமில் இருந்தேன். பள்ளிக்கூடம்தான் முகாம். வெள்ளத்துக்கு முன்பே முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தெருக்காரர்கள், நடுவில் ஒரு வராந்தா. தார்ப்பாய் வந்து இறங்கிய அன்றே சண்டை. அவர்களுக்கு அதிகம் போனது என்று இவர்கள், இவர்களுக்கு என்று அவர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். சமாதானம் எதுவும் பேசவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கிவரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். யாருக்கு, என்ன, எத்தனை, வாங்கியவர் கையெழுத்து அல்லது கைநாட்டு. தினமும் ஆறு மணிக்கு வராந்தாவில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். பென்சில் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் என் கையெழுத்து.

முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பெயருக்கும் கூச்சல். மூன்றாம் நாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவி குறுக்கிட்டாள். "அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு இன்னொண்ணு எழுது தம்பி, அவ வீட்டுல கூரையே இல்ல" என்றாள். அவள் சொன்ன பெண் எதிர்த்தெருக்காரி. யாரும் எதுவும் சொல்லவில்லை. எழுதினேன்.

ஐந்தாம் நாள் என் சிநேகிதன் வீட்டுக்கு இரண்டு தார்ப்பாய் கொடுத்துவிட்டு ஒன்று என்று எழுதியிருந்தேன். வாசித்தபோது அவனுடைய அம்மாவே, "ரெண்டு குடுத்தியேப்பா" என்றார். வெள்ளந்தியாகத்தான் சொன்னார். இரண்டு தெருவும் என்னைப் பார்த்தது. தலைமையாசிரியர் பேனாவை நீட்டினார். அழுத்தி அழுத்தி அடித்தேன், கீழே இருந்த எண் தெரியாமலே போனது. அவர் நோட்டை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "படிக்க முடியலையே" என்றார். அதன் கீழே, 'முதலில் ஒன்று என்று எழுதியது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஆறு மணிக்கு அதையும் சேர்த்து வாசித்தேன்.

என்ன கேட்டிருந்தீர்கள்? வேலை. அது இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதுவும் நட வேண்டாம். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டு வாருங்கள், எண்ணை எனக்கு எழுதுங்கள். பேனாவால்.