காரின் ஏர் ஃப்ளோ சென்சாரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய உங்கள் பெட்ரோல் காரில் பிக்கப் குறைந்துவிட்டது என்றும், ஏர் ஃப்ளோ சென்சாரையே மாற்ற வேண்டும் என்று பணிமனையில் சொல்கிறார்கள் என்றும், அதற்கு முன் வீட்டில் கழற்றித் துடைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கழற்றலாம்; சுத்தமும் செய்யலாம். துடைக்க மட்டும் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல சென்சாரைப் பாழாக்கியவர்களை நான் பார்த்திருப்பதால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வான திராட்டிலுக்கும் இடையிலுள்ள காற்றுக் குழாயில் இந்தச் சென்சார் செருகப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையை நொடிக்கு இத்தனை கிராம் என்று அளந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குச் சொல்வது இதன் வேலை. அதற்குள்ளே முடியிழை போன்ற பிளாட்டினக் கம்பியோ, பீங்கான் மீது படிய வைத்த மெல்லிய படலமோ இருக்கும். உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலான சூட்டில் சென்சாரின் மின்சுற்று அதை எப்போதும் வைத்திருக்கிறது. காற்று கூடினால் கம்பி குளிரும். குளிர்ந்ததை மீண்டும் சூடாக்க மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். அந்த மின்சாரத்தின் அளவே காற்றின் அளவு. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும் என்பதால், காற்றின் கணக்கு பிசகினால் பெட்ரோலின் கணக்கும் பிசகிவிடும்.

கம்பியின் மீது தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும்போது அது போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. வேகமாகக் காற்று வந்தாலும் கம்பி குளிர வேண்டிய அளவு குளிர்வதில்லை. காற்று குறைவாக வருகிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலையும் குறைக்கிறது, எஞ்சின் திணறுகிறது. அத்துடன் எஞ்சின் மீதுள்ள சுமையும் குறைவு என்று அது தவறாகக் கணித்துத் தீப்பொறியை முந்தி விடுவதால், மேடேறும்போது 'டொக் டொக்' என்ற நாக்கிங் ஓசையும் கேட்கலாம். பழைய வகைக் கம்பிச் சென்சார்கள் சிலவற்றில், எஞ்சினை நிறுத்தியவுடன் கம்பியை ஒரு நொடி ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடே இருந்தது. அழுக்குப் படிவது எவ்வளவு பழைய தொல்லை என்பதற்கு இதுவே சான்று.

என்னுடையது 2014ஆம் ஆண்டு மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட செடான்; பழைய காராக வாங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகே வண்டி இழுத்தது. செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. என்னிடமிருந்த சிறிய புளூடூத் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு ஸ்கேனரை இணைப்பதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி, கைபேசியில் எண்களைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண். தான் போட்ட கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை, ஆக்சிஜன் சென்சாரின் உதவியால் கணினி தெரிந்துகொண்டு குறித்துவைக்கும் எண் அது. ஐட்லிங்கில் எனக்கு +4 காட்டியது; நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது +17 ஆனது.

தயவுசெய்து இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். சென்சார் குற்றவாளியா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இதுவே காட்டிக்கொடுக்கும். சென்சாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்தோ, கிளாம்ப் தளர்ந்தோ, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்தால் எஞ்சின் இதே மாதிரிதான் திணறும். ஆனால் அந்தக் கசிவு ஐட்லிங்கில்தான் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் கூடி மொத்தக் காற்று அதிகரிக்கும்போது கசிவின் பங்கு சிறுத்து, திருத்த எண்ணும் இறங்கிவிடும். அழுக்கான சென்சாரில் நேர்மாறாக, காற்று கூடக் கூடத் திருத்தமும் ஏறும். உங்கள் காரில் விளக்கு எரிந்து பி0171 என்ற குறியீடு வந்திருந்தால் அதற்குக் கலவையில் பெட்ரோல் குறைவு என்றுதான் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பி0101, பி0102 போன்றவையே காற்றுச் சென்சாரை நேரடியாகச் சுட்டுபவை. அவை வந்தாலும் முதலில் கப்ளரையும் (ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளக்) ஒயரையும் பாருங்கள். எலி கடித்த ஒயருக்காகப் புதுச் சென்சார் வாங்கியவர் என் உறவிலேயே இருக்கிறார்.

இனி கழற்றும் முறைக்கு வருகிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்; சாவி வெளியே இருக்க வேண்டும்; பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுவது நல்லது. பானெட்டைத் திறந்ததும் சென்சாரைத் தொடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இல்லாவிட்டால் சென்சாரை வெளியே இழுக்கும்போது அந்த மண் எல்லாம் குழாய்க்குள் விழும். கப்ளரின் பூட்டுநாக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கப்ளரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. எஞ்சின் சூட்டிலேயே பல ஆண்டுகள் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும் என்பதால் நெம்பினால் நாக்கு உடைந்துவிடும்.

என் காரில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்கள்தான் சென்சாரைப் பிடித்திருந்தன. ஜப்பானியக் கார்களின் ஸ்டார் ஸ்க்ரூ தலை, கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் ஸ்டார் திருப்புளிக்கு முற்றிலும் பொருந்தாது. பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் திருப்புளி வழுக்கி மேலேறித் தலையைத் தேய்த்துவிடும். சரியான அளவு முனையை வைத்து, நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் டார்க்ஸ் எனப்படும் ஆறுமுனைத் தலை இருக்கும். அதற்குரிய முனை இல்லாமல் தொடங்க வேண்டாம். ஸ்க்ரூவை எடுத்த பின் சென்சாரை நேராக மேலே இழுங்கள். ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தால் இலேசாக இருபுறமும் அசைத்தால் வந்துவிடும். எடுத்தவுடன் குழாயின் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

வெளியே எடுத்த சென்சாரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எனக்கு வெளிப்புறத்தில் மிளகு போன்ற ஒரு சிறு மணி தொங்கியது. அது காற்றின் வெப்பநிலையை அளப்பது. உட்புறக் குறுகிய வழியில் இரண்டு நுண்ணிய கம்பிச் சுருள்கள் தெரிந்தன; அளவெடுப்பவை அவைதாம். அவற்றின் மீது பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல் பிசுக்கு ஒட்டியிருந்தது. பார்த்தவுடன் பட்ஸ் குச்சியால் ஒற்றி எடுக்கலாமே என்றுதான் கை போகும். செய்யாதீர்கள். பட்ஸ், தூரிகை, விரல் நுனி, காற்றடிக்கும் கம்ப்ரசர், எதுவும் அந்தக் கம்பியின் மீது படக்கூடாது. ஒருமுறை நெளிந்தாலோ அறுந்தாலோ அதைச் சீராக்க வழியே இல்லை.

அதற்கென்றே ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனர் என்ற ஸ்ப்ரே விற்கிறார்கள். பிசுக்கைக் கரைத்துவிட்டு, எதையும் பின்னே விட்டுவைக்காமல் ஆவியாகிவிடுவது அதன் சிறப்பு. அது கிடைக்காவிட்டால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பான் குப்பியில் ஊற்றிப் பயன்படுத்தலாம். மருந்துக் கடையின் 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருப்பதால் அதைத் தவிர்ப்பேன். கார்புரேட்டர் கிளீனரையும் திராட்டில் பாடி கிளீனரையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அவை கடுமையானவை, சென்சாரின் பிளாஸ்டிக்கையும் கம்பியின் மேற்பூச்சையும் அரித்துவிடக் கூடும். துரு இளக்கும் ஸ்ப்ரேயோ எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அந்தப் படலத்தை நீக்கத்தானே இவ்வளவும் செய்கிறோம்! இந்தத் திரவங்கள் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் சமையலறையிலோ பூஜை விளக்குக்கு அருகிலோ இதைச் செய்யாமல், காற்றோட்டமான திறந்த இடத்தில் செய்யுங்கள்.

சென்சாரைக் கம்பியுள்ள முனை கீழே இருக்க, கரைந்த அழுக்கு கப்ளர் பக்கம் ஓடாதபடி பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளியிருந்து சிறு சிறு தெளிப்பாகப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் போதும். உள்வழியின் இரு திறப்புகளிலிருந்தும் அடியுங்கள். வெப்பநிலை மணியின் மீதும் படட்டும். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்தால் எவ்வளவு அழுக்கு வருகிறது என்று பார்க்கலாம்; எனக்கு முதல் நான்கைந்து தெளிப்புகளில் தேயிலைச் சாறுபோல் வடிந்து, பிறகு தெளிந்துவிட்டது. உதறாமல், ஊதாமல், அரை மணி நேரம் நிழலில் வைத்துவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் சற்று நேரம் விடுங்கள். ஈரம் காயாமல் மின்சாரம் பாய்வதும், தீப்பற்றும் ஆவி குழாய்க்குள் தங்குவதும் நல்லதல்ல.

திரும்ப மாட்டும்போது காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி சென்சாரிலோ குழாயிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்க்ரூ இறங்குவது பிளாஸ்டிக்கில் என்பதால் கைப்பிடி இறுக்கமே போதும். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் கணினி கற்றுவைத்திருந்த திருத்தங்கள் அழிந்திருக்கலாம். முதல் சில நிமிடங்கள் ஐட்லிங் ஏறியிறங்கினால் பதற வேண்டாம். எனக்குக் கோத்தகிரிச் சாலையில் தயக்கம் அன்றே போய்விட்டது. ஆனால் அன்றைய எண்ணை நான் நம்பவில்லை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே 2500 ஆர்பிஎம்மில் பார்த்தபோது திருத்தம் +3ஆக இருந்தது.

அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த, கழுவி எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர்தான் காரணம் என்று தெரிந்தது. நானும் அதைக் கழுவி எண்ணெயைத் தாராளமாகத் தடவியிருந்தேன். மிஞ்சிய எண்ணெய் காற்றோடு போய்க் கம்பியில் படிந்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. இப்போது சாதாரணத் தாள் ஃபில்டரைத்தான் போடுகிறேன். அதை மாற்றும்போதெல்லாம் பெட்டியின் அடிப்பகுதியில் கிடக்கும் மண்ணையும் சருகையும் துடைத்தெடுக்கிறேன். பெட்டியின் மூடி ஒரு பக்கம் சரியாக அமராமல் கிளிப் மாட்டப்பட்டிருந்தால் எந்த ஃபில்டரும் பயனில்லை.

நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பலவற்றில் இந்தச் சென்சாரே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கும். ஃபில்டர் பெட்டியருகே தேடிக் கிடைக்கவில்லையென்றால் உங்களுடையதும் அந்த வகையாக இருக்கலாம். சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரை இதே ஸ்ப்ரேயால் கழுவிப் பார்க்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது கெட்டால் மாற்றத்தான் வேண்டும், கழுவிப் பயனில்லை. உங்கள் காற்றுச் சென்சாரையும் முறையாகச் சுத்தம் செய்து, குழாயில் கசிவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகும், ஆர்பிஎம்மைக் கூட்டும்போது திருத்தம் பத்துக்கு மேலேயே நின்றால், அடுத்து பெட்ரோல் பம்பின் அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் சரியாக இருந்தால் புதுச் சென்சாருக்குப் பணம் செலவழிக்கலாம்.