அரியர் தாளுக்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் 2019-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தான். வெப்ப இயக்கவியலும் மூன்றாம் பருவக் கணிதமும் இன்னும் அரியர். நான்கு முறை எழுதிவிட்டான். மறுமதிப்பீட்டில் தேர்ச்சி வாங்கித் தருவதாக ஒருவர் தாளுக்கு நாற்பதாயிரம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தத் தரகர்கள் பத்துத் தகப்பன்மார்களிடம் பணம் வாங்குவார்கள். மறுமதிப்பீட்டில் இரண்டு மூன்று பேர் தானாகவே தேறிவிடுவார்கள். அவர்கள் கொடுத்த பணம் தரகர் பைக்குப் போகும். மற்றவர்களுக்கு "அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பதில்தான். மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மதிப்பெண் போட்டதாக 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிவு செய்தது. அந்தச் சேற்றில் உங்கள் பிள்ளை கால் வைக்க வேண்டாம். வெளிமாநிலப் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று அடுத்த ஆள் வருவார். அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மகனுக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது. அவர் படித்த 2017 விதிமுறையில் கல்லூரி போடும் அக மதிப்பீடு 20, பல்கலைக்கழகத் தேர்வு 80. தேர்வில் நூற்றுக்கு 45-ம், இரண்டும் சேர்த்து 50-ம் வேண்டும். அக மதிப்பீட்டில் 4 மட்டும் வாங்கியவர் தேர்வில் நூற்றுக்கு 52 எடுத்தாலும், அது 80-க்கு 41.6 ஆகிவிடும்; கூட்டுத்தொகை 46-ஐக்கூடத் தொடாது, தோல்விதான். ஆனால் மூன்றாவது முறையிலிருந்து, தேர்வில் மட்டும் 50 எடுத்தாலே தேர்ச்சி. அதே 52 இப்போது போதும். அக மதிப்பீட்டில் 14 இருந்தால் 45-லேயே தேறிவிடலாம். முதலில் அந்தப் பழைய மதிப்பெண்ணைப் பாருங்கள். பிள்ளைகளில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவர் வெப்ப இயக்கவியலை ஐந்து முறை எழுதியவர். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நீராவியின் மதிப்புகளைத் தரும் நீராவி அட்டவணையைக் கையில் கொடுத்தேன். "7.3 பார் அழுத்தம் கேட்டால் அந்த வரியே இல்லையே சார்" என்றார். இரண்டு வரிகளுக்கு நடுவில் உள்ள மதிப்பைக் கணக்கிட அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை. தேர்வறைக்குள்ளேயே அனுமதிக்கும் புத்தகம் அது! பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்.

தேர்ச்சி விகிதத்தை உயர்த்துவது எப்படி என்று ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறார்கள். மூன்றாம் பருவத்தில் விழுந்தவரை நான்காம் பருவத்திலேயே கூப்பிட்டு அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க ஆளில்லை. படிப்புக் காலம் முடிந்துவிட்டால் வகுப்பும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது; கட்டணத்துக்குக் கடைசித் தேதி மட்டும் தவறாமல் வரும். 2020-ல் கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எத்தனை பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துக் காத்திருந்தார்கள்!

படிப்புக்கு நான்கும் அதன்பின் மூன்றுமாக ஏழு ஆண்டுதான் உச்சவரம்பு. உங்கள் மகனுக்கு 2026. "சிறப்பு வாய்ப்பு வரும்" என்று அதைத் தாண்டிப் போகவிடாதீர்கள். முடிவு வந்ததும் முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, பாடம் நடத்தும் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் மதிப்பெண் கூடும் என்றால் மட்டும் மறுமதிப்பீடு. அதற்கு அவகாசம் சில நாட்களே. கல்லூரி அலுவலகத்துக்கு மகனே நேரில் போய்க் கட்டணம் கட்டட்டும். ரசீதை வாங்கி வையுங்கள்.