ரேடாரில் சிக்காத பூச்சு: பிளஸ் டூ முடித்த மகளை எதில் சேர்ப்பது?

அம்மா, ரேடாருக்கும் வெப்பக் கேமராவுக்கும் அகப்படாத பூச்சுகளில்தான் வேலை செய்வேன் என்று மகள் நிற்கிறார். வீட்டிலோ ஏரோநாட்டிக்கலா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று வழக்கு நடக்கிறது. இந்த ஆசைக்கு இரண்டுமே நேர்வழி இல்லை. விமானத்தின் மேல் பூசுகிறார்கள் என்பதற்காக அது விமானப் படிப்பு ஆகிவிடாது. உள்ளே இருப்பது ரப்பர், ரெசின் (காய்ந்தால் இறுகும் பிசின்), இரும்புத் தூள், கூடவே மைக்ரோவேவ் அளவீடு.

10 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலையின் நீளம் 3 செ.மீ. பூச்சு அதை உறிஞ்சி வெப்பமாக்க வேண்டும். எதிரொலி 10 டெசிபல் (அலையின் வலிமையை ஒப்பிடும் அளவு) குறைந்தால் திரும்பிப் போவது பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூறில் ஒன்று. கார்பனைல் இரும்பு எனும் மிக நுண்ணிய இரும்புத் தூளை ரப்பரிலோ ரெசினிலோ கலப்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் பழைய வழி. கஷ்டமெல்லாம் பூசும்போதுதான். அடர்த்தி 4 உள்ள கலவையை 1.5 மி.மீ. கனத்தில் பூசினால் சதுர மீட்டருக்கு 6 கிலோ ஏறும். இரும்பின் அடர்த்தி 7.8, ரெசினுடையது 1.2க்கு அருகில், காய்வதற்குள் தூள் அடியில் தங்கிவிடும். பூச்சின் தடிமன் சற்றுப் பிசகினாலும் உறிஞ்சும் அலைவரிசை நகர்ந்துவிடும். கடற்காற்று பட்டால் துரு வேறு.

வெப்பக் கேமராவின் கதை வேறு. அது 3–5, 8–14 மைக்ரான் (ஒரு மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளப் பட்டைகளில் பொருள் தானே உமிழும் கதிரைப் பார்க்கிறது. உமிழ்வைக் குறைக்க அலுமினியச் செதில் கலந்த பூச்சு போதும். ஆனால் அதே செதில் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பப் பார்க்கும். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு. இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் ஆராய்ச்சியாளர்களுக்குச் சம்பளம்.

பொறியியல் கவுன்சலிங்கில் பார்க்க வேண்டிய இடங்கள்: குரோம்பேட்டை எம்ஐடியில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி, கிண்டியில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ், ஏ.சி. டெக்கில் செராமிக் டெக்னாலஜி (ரேடார் அலையை உறிஞ்சும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளும் செராமிக்தான்). ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறினால் ஐஐடி மெட்ராஸின் மெட்டலர்ஜி. கணக்கில் பிடிப்பு இருந்தால் ஈசிஇ எடுத்து ஆன்டெனா, மைக்ரோவேவ் பக்கம் போகலாம். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது வேதியியல் முடித்து, ஜாம் என்ற நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேர்வதும் மட்டமான வழி அல்ல. எதில் சேர்ந்தாலும் மறுபாதியைத் தானே கற்க வேண்டும்: ரப்பர் படிப்பவர் நெட்வொர்க் அனலைசரில் (மைக்ரோவேவ் அளக்கும் கருவி) அளக்கவும், ஈசிஇ படிப்பவர் ரெசின் கலக்கவும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டில் பலர் சறுக்குவது அளவீட்டில். எக்ஸ் பேண்ட் (10 கிகாஹெர்ட்ஸ் அடங்கிய அலைவரிசை) வேவ்கைடின், அதாவது அலையைக் கடத்தும் உலோகக் குழாயின், உள்வாய் 22.86 × 10.16 மி.மீ. மாதிரி அதில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். முடியளவு காற்று இடைவெளி இருந்தாலே எண்கள் பொய் சொல்லும். கணினிக் கணக்கில் மைனஸ் 60 டெசிபல் சுலபமாக வரும். உலோகத் தகட்டில் பூசி அளந்த எண்ணைத்தான் நேர்முகத் தேர்வில் மதிப்பார்கள்.

வேலை என்றால் மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கான்பூர் டிஎம்எஸ்ஆர்டிஇ (பாதுகாப்புப் பொருள்களுக்கான ஆய்வகம்), ஜோத்பூர் பாதுகாப்பு ஆய்வகம். இரண்டும் வெளியூர், இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆவடி சிவிஆர்டிஇ டாங்கிகளை வடிவமைக்கும் இடம். பூச்சுக்கென்று உள்ள ஆய்வகம் அல்ல. டிஆர்டிஓவில் தொடக்க நிலையான விஞ்ஞானி 'பி' பதவிக்கு கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேர்வு) மதிப்பெண் கேட்பார்கள். எந்தத் தாள் செல்லும் என்பதை அறிவிப்பில் பார்த்துவிட்டே கேட்டுக்கு விண்ணப்பியுங்கள். செய்த வேலையில் பெரும்பகுதியை வெளியே சொல்ல முடியாது, பயோடேட்டாவிலும் எழுத முடியாது. பிறகு தனியாருக்கு மாற நினைத்தால் இது உறுத்தும்.

சென்னையை விட்டுப் போகவே மாட்டேன் என்றாலும் வழி உண்டு. கார்களின் 76–81 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெள்ளி நிற பெயின்ட்டில் உள்ள உலோகச் செதில் அதன் பார்வையை மங்கச் செய்யும். இங்கே அலையை உள்ளே விடும் பூச்சு வேண்டும். பாடம் அதேதான், தலைகீழாக. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து பெயின்ட், கார் தொழிற்சாலைகளும், மின்காந்தக் குறுக்கீட்டைச் சோதிக்கும் தரமணி சமீர் என்ற அரசு ஆய்வு நிறுவனமும், ஒரகடம் வாகன ஆய்வு மையமும் இந்த அறிவு புழங்கும் இடங்கள்.

சாய்ஸ் நிரப்பும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள்: லேபில் கை அழுக்காவது பிடிக்குமா, அலைச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவது பிடிக்குமா? முதலாவது என்றால் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸை ஈசிஇக்கு மேலே வையுங்கள், கட்-ஆஃப் ஈசிஇக்கே எட்டினாலும் சரி.