வாத்து முட்டையும் கோழி முட்டையும் ஒரே இன்குபேட்டரில்: கேள்வி பதில்

கேள்வி (மேலூர்): வாத்து முட்டைகளையும் நாட்டுக்கோழி முட்டைகளையும் ஒன்றாகப் பொரிக்க வைக்கலாமா ஐயா?

பதில்: ஒரே இன்குபேட்டரில் வைக்கலாம், ஆனால் ஒரே நாளில் வைக்க வேண்டாம். கோழி முட்டை பொரிக்க 21 நாள்களும் வாத்து முட்டை பொரிக்க 28 நாள்களும் ஆகும் என்பதால், வாத்து முட்டைகளை ஒரு வெள்ளிக்கிழமை வைத்தால் கோழி முட்டைகளை அடுத்த வெள்ளிக்கிழமை வையுங்கள். அப்போது வாத்து முட்டைக்கு 25ஆம் நாளும் கோழி முட்டைக்கு 18ஆம் நாளும் ஒன்றாக வரும்; அன்றே இரண்டையும் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு உயர்த்தி, மூடியைத் திறக்காமல் விட்டுவிடலாம். ஒரே நாளில் வைத்தாலோ, கோழிக்குஞ்சுகளுக்காக உயர்த்திய ஈரம் வாத்து முட்டையில் நீர் போதிய அளவு ஆவியாக விடாது. அகன்ற முனையில் உள்ள காற்று இடைவெளியான காற்றறை விரியாத அந்த முட்டைக்குள், முழுதாக வளர்ந்த குஞ்சு வெளிவர முடியாமல் மூச்சடைத்து இறந்துவிடக்கூடும். இந்த இழப்பு முற்றிலும் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். மணிலா வாத்துக்கு 35 நாள்கள் ஆகும். அதனைக் கோழிக்கு இரண்டு வாரம் முன்னதாக வைக்க வேண்டும்.

கேள்வி (சோழவந்தான்): திருப்புவதை நிறுத்தும் நாள் வரை வெப்பமும் ஈரமும் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: மின்விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸும் சுமார் 55 சதவீத ஈரப்பதமும் இரண்டுக்கும் ஒத்துவரும். முதல் வாரம் கழிந்தபின், வாத்து முட்டைத் தட்டை மட்டும் தினமும் பத்து நிமிடம் வெளியே எடுத்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளிக்கலாம்.

கேள்வி (உசிலம்பட்டி): எங்கள் அடைக்கோழியின் கீழ் இரண்டையும் கலந்து வைக்க அம்மா விரும்புகிறார். சரியாக வருமா?

பதில்: கலந்து வைத்தால், முதலில் பொரித்த கோழிக்குஞ்சுகளை அழைத்துக்கொண்டு தாய் மேயக் கிளம்பிவிடும், வாத்து முட்டைகள் சூடின்றிக் கெட்டுப்போகும். வாத்து முட்டைகளை மட்டும், கோழியின் உடல் மூடும் அளவுக்கு, ஆறோ எட்டோ வைத்துப் பாருங்கள். அவை கனமானவை என்பதால் தாய் இரைக்கு இறங்கும்போது நீங்களும் கையால் திருப்பிவிடுவது நல்லது.

கேள்வி (திருமங்கலம்): சித்திரை வெயிலில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மின்தடையைவிட மிகைவெப்பத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். சில மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலும் மூடியைத் திறக்காமல் இருந்தால் பெரும்பாலான கருக்கள் தாங்கிக்கொள்ளும். ஆனால் 40 டிகிரியைத் தாண்டிய சூடு நீடித்தால் தாங்காது. ஆகவே தகரக் கொட்டகையில் இன்குபேட்டரை வைக்காமல், வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் வையுங்கள். பொரிக்கச் சேர்க்கும் முட்டைகளையும் ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் கூர்முனை கீழாக வைத்து, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): பொரித்தபின் இரண்டையும் சேர்த்து வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். வாத்துக்குஞ்சுகள் தண்ணீரை இறைத்துத் தரையை ஈரமாக்கிவிடும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுகள் நனைந்து குளிரில் வாடும், கழிச்சலும் வரும்.