கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஆடாசிட்டி பிரிஃபரன்சஸை எப்படி வைப்பது?

கேள்வி இது: "ரங்கூனில் இருக்கிறேன். பாட்டி பாடும் தாலாட்டையும் கோயில் பஜனையையும் லேப்டாப்பில் ஆடாசிட்டி வைத்துப் பதியப் போகிறேன். பிரிஃபரன்சஸைத் திறந்தால் தலை சுற்றுகிறது. கரண்ட் வேறு சொல்லாமல் போகிறது. எதையெல்லாம் மாற்ற வேண்டும்?"

நானும் ரங்கூன்தான். எங்கள் பஜனைக் குழுவுக்குப் பதிவு செய்து தருவது என் வேலை. அங்கே இருப்பதில் பெரும்பாலானவற்றை நீங்கள் தொடவே வேண்டாம். இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், சத்தத்தைப் பிறகு கூட்டலாம். பாட்டி பாடியது டிஸ்கில் இல்லையென்றால் எந்த எஃபெக்டாலும் அதைக் கொண்டுவர முடியாது. அதனால் பதிவைக் காப்பாற்றும் அமைப்புகளை முதலில் பாருங்கள். நான் சொல்வது ஆடாசிட்டியின் 3ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு.

எடிட் மெனுவின் அடியில் பிரிஃபரன்சஸ் இருக்கும், விண்டோஸில் கன்ட்ரோல் பி அழுத்தினாலும் வரும். அதில் டைரக்டரீஸ் பக்கத்துக்குப் போங்கள். ப்ராஜெக்டைச் சேமிக்காமலே பதியத் தொடங்கினால், ஒலி அங்கே குறித்திருக்கும் தற்காலிக ஃபோல்டரில்தான் எழுதப்படும். அந்த ஃபோல்டர் லேப்டாப்பின் சொந்த டிஸ்கிலேயே இருக்கட்டும். பென் டிரைவ் வேண்டாம். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது. 32 பிட் ஃப்ளோட் (ஒலியின் அளவை எழுதிவைக்கும் முறை), 44100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கை), ஸ்டீரியோ என்று பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 1.27 ஜிபி ஆகும். விடிய விடிய நடக்கும் பஜனை நடுவிலேயே முட்டிக்கொள்ளும். இணையத்தோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரும் இதற்கு ஆகாது.

இன்னும் நல்ல வழி, ரெக்கார்ட் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே காலி ப்ராஜெக்டுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுவது. 2021இல் வந்த 3.0 பதிப்பு முதல் ப்ராஜெக்ட் முழுவதும் ஏயூபி3 என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. உள்ளே அது ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். வேலை நடக்கும்போது அதன் பக்கத்தில் "-wal" என்ற ஆங்கில எழுத்துகளில் முடியும் பெயரில் இன்னொரு ஃபைல் தோன்றும். கடைசியாகப் பதிந்த பகுதி இன்னும் அதில்தான் இருக்கலாம். கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டால், குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். ஏயூபி3ஐ மட்டும் தனியாக வேறு இடத்துக்கு நகர்த்தவும் வேண்டாம். இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டு ஆடாசிட்டியை மறுபடி திறந்தால், மீட்கவா என்று அதுவே கேட்கும். சரி என்று சொல்லுங்கள், உடனே சேமியுங்கள்.

லேப்டாப்பின் பவர் அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனதும் லேப்டாப் பேட்டரிக்கு மாறும். பேட்டரியில் சில நிமிடத்தில் தூங்கிப்போகும்படி விண்டோஸ் வைத்திருக்கும். அந்த ஸ்லீப்பை "ஒருபோதும் வேண்டாம்" என்று மாற்றுங்கள். மைக்கும் யூஎஸ்பி வழியாகவே கரண்ட் எடுப்பதாக இருந்தால் நல்லது. சுவரில் செருகிய மிக்சர் அணைந்தால் லேப்டாப் மட்டும் ஓடி என்ன பயன்? சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் பல நேரம் போய்விடும், செய்து பாருங்கள்.

அப்புறம் ஆடியோ செட்டிங்ஸ். பழைய பதிப்புகளில் இது டிவைசஸ், ரெக்கார்டிங், குவாலிட்டி என்று பிரிந்திருக்கும். பாட்டிக்கு ஒரே மைக் என்றால் சேனலை மோனோ ஆக்குங்கள், ஃபைல் பாதியாகும். சாம்பிள் ரேட் பாட்டுக்கு 44100, வீடியோவோடு சேர்ப்பதென்றால் 48000. விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் மைக்குக்கு இருக்கும் எண்ணும் இதுவாகவே இருக்கட்டும். அங்கே "என்ஹான்ஸ்மென்ட்ஸ்" இருந்தால் அணைத்துவிடுங்கள், அது பாட்டியின் மெல்லிய இழுவைகளை இரைச்சல் என்று நினைத்து நறுக்கும். 32 பிட் ஃப்ளோட்டை அப்படியே விடுங்கள். ஆனால் அதை நம்பி மைக்கின் அளவைத் தூக்கி வைக்க வேண்டாம். சாதாரண மைக்கில் உள்ளே வரும்போதே உடைந்த ஒலி உடைந்ததுதான். மீட்டரில் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவே ஆடினால் போதும்.

மைக்கைச் செருகியும் பட்டியலில் காணவில்லையென்றால் பதற வேண்டாம். ஆடாசிட்டி திறந்த பிறகு செருகியிருப்பீர்கள். ஆடியோ செட்டப் பொத்தானில் "ரீஸ்கேன்" கொடுத்தால் வந்துவிடும். ரெக்கார்டிங் பக்கத்தில் ட்ராப்அவுட்டைக் கண்டறியும் தேர்வு டிக்கோடு இருக்கட்டும். மெஷின் திணறி ஒலி விடுபட்ட இடங்களை அது குறித்துக் காட்டும், பாட்டியை உட்கார வைத்திருக்கும்போதே அந்த வரியை மறுபடி பாடச் சொல்லலாம்.

பஜனையில் முதலில் குரல், பிறகு மிருதங்கம் என்று அடுக்கிப் பதிவதென்றால்தான் லேட்டன்சி காம்பன்சேஷன், அதாவது பதியும்போது ஏற்படும் தாமதத்தை ஈடுகட்டும் எண், உங்களுக்குத் தேவை. அது மைனஸ் 130 மில்லிசெகண்ட் என்று வரும், உங்கள் மெஷினுக்கு அது பொருந்தும் என்பதில்லை. அதை 0 ஆக்குங்கள். ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் ஒன்று உண்டாக்கி, ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிப் பிடித்து, அதை ஓடவிட்டபடியே புது ட்ராக்கில் பதியுங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிசெகண்ட் தாமதம் என்று பெரிதாக்கி அளந்து, அந்த எண்ணை மைனஸ் போட்டு எழுதுங்கள். இந்தச் சோதனையை வயர் ஹெட்ஃபோனில்தான் செய்ய வேண்டும், ப்ளூடூத் தன் பங்குக்கு இன்னொரு தாமதத்தைச் சேர்க்கும். மைக்கையோ, ஆடியோ செட்டிங்ஸில் ஹோஸ்ட் என்று இருப்பதையோ (ஆடாசிட்டி ஒலிக்கருவியோடு பேசும் வழி) மாற்றினால் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.